கடைசிச் சரணம்

பாடகி ஸஹானா தானே எழுதிப் பாடிய ஒரு பாட்டைச் செல்போனில் போட்டுவிட்டுத்தான் துலுக்காணம் தினமும் படுப்பார். பகலெல்லாம் கான்கிரீட் சுமந்த உடம்பு, இரண்டாம் சரணத்திலேயே தூங்கிவிடும். கடைசிச் சரணத்தை ஒருநாளும் கேட்டதில்லை. நேரிலாவது கேட்டுவிடலாமென்று அரைநாள் வேலையை விட்டுவிட்டு, மனைவி கங்கையம்மாளோடு நாவலூரில் அவள் பாடவிருந்த ஒரு காபிக் கடை மாடிக்குப் போனார். முப்பது பேர்தான். முதல் வரிசையே கிடைத்தது.

பாட்டு தொடங்கியது. கைதட்டலில்தான் கண் விழித்தார்.

ஸஹானா நேரே அவரிடம் வந்தாள். "அண்ணா, கடைசிச் சரணத்தை நீங்க கண்ணை மூடி ரசிச்சதைப் பார்த்து எனக்கே அழுகை வந்துடுச்சு."

"மெய்மறந்து போயிட்டேம்மா," என்றார்.

படியிறங்கும்போது மனைவியிடம் கெஞ்சினார். "கடைசில இன்னாதாம்மே பாடுச்சு?"

"நீ கீழ சாயாம நான் புடிச்சிகினு கீறதா, பாட்டு கேக்குறதா?"