படத்துக்குள் ஓர் இடம்

…கொஞ்சம் நெருங்கி உட்காருங்க, நடுவுல எடம் தெரியுது என்று இந்த வருஷமும் சொல்லியாகிவிட்டது, ஆனால் வெர்னா நகரவில்லை, கணவன் செத்ததிலிருந்து பக்கத்தில் ஓர் இடம் விட்டேதான் உட்காருகிறாள், சரி, வெயில் சாயட்டும் என்று சாக்குச் சொல்லி ஆர்வில் கேமராவோடு நின்றார், சாயாவிட்டால்தான் என்ன, இன்னும் கொஞ்ச நேரம் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கலாமே. நெடுஞ்சாலையோரம் கண்ணுக்கெட்டிய தூரம் தீச்சக்கரப் பூ, சிவப்பும் மஞ்சளுமாக, நடுவில் வெர்னா, மகன், மருமகள், பேத்தி டெஸ்ஸா... டெக்சஸில் மே மாதம் பூவுக்குள் உட்கார்ந்து குடும்பப் படம் எடுக்காத வீடு உண்டா? குடும்பம், அதுதானே விஷயம், மூன்று வருஷப் படங்கள் அவள் வீட்டுச் சுவரில், ஒன்றிலும் ஆர்வில் இல்லை, எடுக்கிறவன் எப்படி உள்ளே வருவான்? போன வருஷப் பூ செத்து, விதை விழுந்து, இதோ புதுப் பூவே வந்துவிட்டது, நீ மட்டும் அதே இடத்தில்... வாயைத் திறந்து கேளேன் மனுஷா, முரட்டுக் குதிரைக்கு லாடம் அடிக்கிறவனுக்கு ஒரு பெண்பிள்ளையிடம் நாக்கு ஒட்டிக்கொள்ளுமா?

வெர்னா எழுந்து சாலையில் வந்த லாரியைக் கைகாட்டி நிறுத்தினாள், ஓட்டி வந்தவள் சின்னப் பெண். "அந்தக் கேமராவ இவகிட்ட குடுத்துட்டு வாங்க ஆர்வில், எத்தன வருஷம் தூணு மாதிரி நிப்பீங்க?"

அடேயப்பா! எப்படி வந்து உட்கார்ந்தார் என்றே தெரியவில்லை, வெர்னாவின் இடப்பக்கம், தோளோடு தோள், ஆண்டவரே... என்ன இது, சுரீர் என்று, ஐயோ, செவ்வெறும்புப் புற்று! எழுந்தால் இடம் போச்சு, கடிக்கட்டும், சதையோடு போகட்டும். "தொப்பிக்காரய்யா, பல்லு புடுங்க வந்த மாதிரி இருக்கீங்களே, சிரிங்க!" என்றாள் லாரிக்காரி, அதைக் கேட்டு அவருக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது.

கேமரா சொடுக்கியதும் துள்ளி எழுந்து குதித்தார், டெஸ்ஸா விழுந்து விழுந்து சிரித்தாள். வெர்னா அவர் முதுகைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னாள்: "வருஷா வருஷம் எடம் விட்டுத்தான் ஒக்காந்தேன். நீங்க வர்றதுக்குள்ள எறும்பு குடியேறிடுச்சு."

வருஷா வருஷமா? அது செத்துப்போன கணவனுக்கு என்றல்லவா நினைத்தது... அப்படியானால் நெருங்கி உட்காருங்க, நெருங்கி உட்காருங்க என்று இத்தனை வருஷமும் சொன்னது யார்?