நோயாளி வேஷம்

அடையாறில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. அதன் மேல்மாடி ஹாலில், தனக்குப் புற்றுநோய் வந்திருக்கிறது என்ற செய்தியைக் காலையிலிருந்து டாக்டர் மாற்றி டாக்டர் வாயால் கேட்டுக்கொண்டிருந்தாள் கரோல். ஒவ்வொரு தடவையும் புதிதாக அதிர்ச்சியடைய வேண்டும், புதிதாக அழ வேண்டும். அதுதான் வேலை.

நிஜத்தில் அவளுக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு நோயும் கிடையாது. சாந்தோமில் பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பெரிய வெள்ளிக்கிழமைக்குப் பங்குக் கோயிலில் போடும் பாஸ்கா என்ற சிலுவைப்பாடு நாடகத்தில் வருஷா வருஷம், சிலுவை சுமப்பவரின் முகம் துடைக்கும் வெரோணிக்காவாக வந்து, கிளிசரின் இல்லாமலே கண்ணீர் விடுவாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் ரூஹி அவளைப் பிடித்தாள். தரமணியில் டாக்டர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் கம்பெனி ஒன்றில் ரூஹிக்கு வேலை. டாக்டர்களுக்கு எல்லாம் தெரியும், நோயாளியிடம் வாயைத் திறக்கத்தான் தெரியாது என்று ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கே சந்தேகம் வந்து, பயிற்சி வைத்திருந்தார்கள்.

அன்று கடைசியாக வந்தவர் டாக்டர் வெங்கடரமணன். தொண்டைப் புற்றுநோய் ஆபரேஷனில் பெரிய கை. நாற்காலியை இழுத்து அவளருகே போட்டு உட்கார்ந்தார். போனை எடுத்து, ஹாலில் இருந்த எல்லோரும் பார்க்கும்படி அணைத்தார்.

"நான் சொல்லப் போறது கொஞ்சம் கஷ்டமான விஷயம்மா. நீங்க எவ்வளவு தெரிஞ்சிக்கணும்னு நினைக்கிறீங்களோ, அவ்வளவு சொல்றேன்" என்றார்.

சொன்னார். பிறகு மௌனம். கெட்ட செய்தி சொன்னதும் நோயாளிக்கு அவகாசம் கொடுக்க வேண்டும் என்று பின்னால் திரையில் எழுதியிருந்தது. டாக்டரின் உதடு லேசாக அசைந்தது. மனசுக்குள் எண்ணுகிறார் என்று கரோலுக்கு உடனே தெரிந்துவிட்டது. பாஸ்காவில் தீர்ப்புச் சொல்லும் பிலாத்து வேஷம் கட்டும் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டும் இப்படித்தான், கை கழுவுவதற்கு முன்னால் உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டு நிற்பான்.

அவள் அழுதாள். அவர் டிஷ்யூ எடுத்து நீட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள்.

"அழுகை நிஜமாவே வந்துச்சா மேடம்? சூப்பர்!" என்று கேட்டுவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் எழுந்து போய்விட்டார்.

அவளுடைய அண்ணன் கிளிஃபர்டுக்கு அப்போதே குரல் கம்மிப் போயிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். தங்கையும் அவருமாகத்தான் ஒரே வீட்டில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக மைதானத்தின் ஒரு கோடியில் நின்று மறுகோடிப் பையன்களை நடுங்க வைத்த தொண்டை. ரிட்டயரான பிறகு பங்குத் திருவிழாவில், சீட்டில் எண்ணை அடித்து ஆடும் ஹவுஸிக்கு மைக்கில் நம்பர் கூப்பிடுவது அவர்தான். மழையில் கத்தினேன், ஐஸ் தண்ணி குடித்தேன் என்று சாக்குச் சொல்லியே மாதங்களை ஓட்டினார். கரோல்தான் அந்த ஆஸ்பத்திரிக்கே இழுத்துக்கொண்டு போனாள். சின்ன டாக்டர்கள் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதையைக் கிள்ளி எடுத்தார்கள், பெரிய டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். பெரிய டாக்டர் வெங்கடரமணன்.

நடிப்பானால் என்ன, வசனம் தெரிந்த ஆள்தானே என்று கரோல் நினைத்தாள். பிற்பாடு அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவர் அறை வாசலில் சுலோச்சனா என்ற ஆயா நின்றாள். "இன்னாம்மா, கதவாண்டயே நின்னுக்கினு கீற? பேர் கூப்டுவாங்கோ, போய் குந்து" என்றாள். கூட்டம் அப்படி. ஒரு வழியாகப் பெயர் வந்து உள்ளே போனபோது டாக்டர் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"பேஷண்ட் கூட வந்தது யாரு?"

"நான்தான் டாக்டர். தங்கச்சி." போன வாரம்தான் உங்கள் முன்னால் அழுதேன் என்று சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"பயாப்ஸில பாசிட்டிவ். லாரிங்ஸை எடுத்துடணும். திங்கக்கிழமை அட்மிட் பண்ணிடுங்க."

"எதை எடுக்கணும்?" என்றார் கிளிஃபர்ட், கரகரவென்று.

டாக்டர் கரோலைப் பார்த்தே பேசினார். "அவர்கிட்ட டீடெய்ல்லாம் சொல்லிக்கிட்டிருக்காதீங்க. பயந்துடுவாரு."

"டாக்டர், நான் இங்கதான் உக்காந்திருக்கேன்."

"ரிலாக்ஸ் சார். எல்லாம் பாத்துக்கலாம்."

அதற்குள் போன் அடித்தது. அணைக்கத் தெரிந்தவர்தான், ஆனால் எடுத்தார். பாலவாக்கத்தில் வீடு கட்டுகிறார் போலிருக்கிறது. டைல்ஸ் போடுகிறவர் கூப்பிட்டிருந்தார். குளியலறைத் தரையில் சரிவு எந்தப் பக்கம் இருக்க வேண்டும், தண்ணீர் எங்கே தேங்கும், தேங்கினால் என்ன ஆகும் என்று டாக்டர் நிதானமாக விளக்கினார். "புரிஞ்சுதா? எங்க, நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுங்க பாக்கலாம்" என்றார். அந்தப் பக்கம் அந்த மனிதர் திருப்பிச் சொன்னதை முழுசாகக் கேட்டார். தவறிய இடத்தில் கோபப்படாமல் திருத்தினார். பயிற்சியில் சொல்லிக்கொடுத்த ஒவ்வொன்றையும் ஒன்று விடாமல் ஒரு குளியலறைக்குச் செய்துகொண்டிருந்தார்.

போனை வைத்ததும் நர்ஸைப் பார்த்து, "இவங்களைக் கவுன்சலிங்குக்கு அனுப்பு" என்றார். அவ்வளவுதான்.

கவுன்சலிங் என்றால் ஆறுதலாக நாலு வார்த்தை பேசுவார்கள் என்று அண்ணனும் தங்கையும் நம்பிப் போனார்கள். டை கட்டிய ஒருவர் தனி அறையா, பகிர்ந்துகொள்ளும் அறையா என்று கேட்டார்.

"தம்பி, எனக்குக் குரல் போயிடுமா?" என்று கேட்டார் கிளிஃபர்ட்.

"அதை டாக்டர்தான் சார் சொல்லணும். தனி ரூம்னா டிவி உண்டு."

வீட்டுக்கு வந்து கிளிஃபர்ட் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். போனில் எதையோ தேடி, கழுத்தில் ஓட்டையோடு இருந்த ஒரு மனிதரின் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை. கரோல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து, டாக்டரிடம் கொஞ்சம் பேச வேண்டும் என்றாள். அட்மிஷன் அன்று பேசுவார் என்றார்கள். மறுநாளும் கேட்டாள். அதே பதில், குரல் மட்டும் வேறு.

இந்த நிலையில்தான் ரூஹி கூப்பிட்டாள். பயிற்சி முடிகிறது, சனிக்கிழமை டாக்டர்களுக்குத் தேர்வு, ஆஸ்பத்திரித் தலைவரே உட்கார்ந்து பார்க்கப் போகிறார். "ஆன்ட்டி, இந்த வாட்டி ஒரு ஆம்பளை பேஷண்ட் வேணும். உங்க நாடகத்துல யாராவது இருக்காங்களா?"

கரோல் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஒருத்தர் இருக்கார். தொண்டை வியாதி நல்லா பண்ணுவார். வெங்கடரமணன் டாக்டருக்குப் போட்டுக்கோ" என்றாள்.

விஷயத்தைச் சொன்னதும் கிளிஃபர்ட் அவளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார். "நான்தான் நிஜமாவே நோயாளியாச்சே. எனக்கு எதுக்கு வேஷம்?"

"நிஜ நோயாளின்னுதான் உன்கிட்ட பேச மாட்டேங்கிறார். வேஷம் கட்டிக்கிட்டுப் போ, பேசுவார்."

அந்த வாரத்தில் முதல் தடவையாக அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக முடிந்தது.

சனிக்கிழமை வெங்கடரமணன் புதுச் சட்டையில் வந்தார். கரோல் பின் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவர் கிளிஃபர்டின் முகத்தை நேராகப் பார்த்துக் கை குலுக்கினார். அடையாளம் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தது இதுதான் முதல் தடவை, எப்படித் தெரியும்?

கிளிஃபர்ட் தன் ரிப்போர்ட்டை நீட்டினார். "இதுல என்ன போட்டிருக்குன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க டாக்டர்."

"நாடக ப்ராப்பர்ட்டி எல்லாம் அச்சு அசலா ரெடி பண்ணியிருக்கீங்களே!" என்று டாக்டர் தாழ்ந்த குரலில் பாராட்டினார். படித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒரு தாளில் தொண்டையை வரைந்தார். எவ்வளவு அழகாக வரைந்தார்!

"இது உங்க குரல்வளை. இந்தப் பக்கம் கட்டி இருக்கு. ரொம்ப முத்திப் போகலை, சின்னதுன்னும் சொல்ல முடியாது. இதுக்கு ரெண்டு வழி இருக்கு சார். ஒண்ணு, குரல்வளையை மொத்தமா எடுத்துடறது. கட்டி போயிடும், ஆனா குரலும் போயிடும், கழுத்துல போட்ட துளை வழியாத்தான் மூச்சு விடணும். இன்னொண்ணு, ரேடியேஷனும் கீமோவும். வாரக்கணக்குல கஷ்டப்படுவீங்க. பலிச்சா குரல் தங்கும். பலிக்கலைன்னா அப்புறம் ஆபரேஷன். எது உங்களுக்கு முக்கியம்னு சொல்லுங்க, சேர்ந்து முடிவு பண்ணலாம்."

ரெண்டு வழி. கரோல் முன் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள். தெரியாதவர் என்றால், பேச வராதவர் என்றால், பாவம் என்று விட்டிருப்பாள். எல்லாம் தெரிந்திருக்கிறது. எல்லாம் வருகிறது. மார்க் போட ஆள் இருந்தால் மனுஷத்தன்மைகூட வருகிறது.

"நான் ஹவுஸி நம்பர் கூப்பிடறவன் டாக்டர். குரல் இல்லாம எனக்கு..." என்று பாதியில் நிறுத்தினார் கிளிஃபர்ட்.

"சொல்லுங்க, அவசரமே இல்ல" என்றார் டாக்டர். ஹவுஸி என்றால் என்ன என்று கேட்டார். கேட்டுத் தலையாட்டினார். "வேற ஒரு டாக்டரோட கருத்தும் கேட்டுக்கறதுன்னா தாராளமா கேளுங்க, நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்" என்றார். ரூஹியின் பேனா ஓடியது. தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ மெச்சிச் சொன்னார்.

கைதட்டல் அடங்கியதும் ரூஹி, "சார், ஒரு பேஷண்டா உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று மைக்கை நீட்டினாள்.

"ரொம்ப நல்லா சொன்னார்மா. இதையே முதல்லயே அவர் ரூம்ல சொல்லியிருக்கலாம். திங்கக்கிழமை என் தொண்டையைத்தான் எடுக்கப் போறார்."

டாக்டர் புன்னகையோடு ரூஹியைப் பார்த்தார். "இது ஸ்க்ரிப்ட்ல இல்லையே?"

கரோல் எழுந்து முன்னால் போனாள். "அந்த ரிப்போர்ட்டுல மேல யார் பேர் இருக்கு, கீழ யார் கையெழுத்து இருக்குன்னு பாருங்க டாக்டர்."

அவர் பார்த்தார். காது வரை சிவந்தது. வெட்கமோ என்று ஒரு கணம் நினைத்துவிட்டாள்.

"நீங்க பண்ணது ரொம்பத் தப்பு. முன்னாடியே சொல்லியிருக்கணும். இது மோசடி."

"முன்னாடியே வந்து உங்க எதிர்லதான் உக்காந்திருந்தோம். நீங்க டைல்ஸ் பேசிக்கிட்டிருந்தீங்க."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, டீ சாப்பிடலாமே என்றார். அந்த ஆஸ்பத்திரியில் எதற்கும் கடைசி மருந்து அதுதான் போலிருக்கிறது. எல்லோரும் எழுந்து டீக்குப் போனார்கள்.

திங்கட்கிழமை கிளிஃபர்ட் அட்மிட் ஆகவில்லை. கரோலுக்கு வேலை போயிற்று. ஒழுங்கு மீறல் என்று கம்பெனியிலிருந்து வாட்ஸாப்பில் செய்தி வந்தது. அனுப்பியது ரூஹி, ஆங்கிலம் வக்கீலுடையது. வெங்கடரமணனுக்கு மார்க் குறையவில்லை. தேர்வு என்றால் தேர்வு. நோயாளி நிஜமாக இருந்ததற்கு அவர் என்ன செய்வார் என்று முடிவு செய்தார்களாம். சான்றிதழோடு அவர் நிற்கும் படத்தை ஆஸ்பத்திரி தன் இணையப் பக்கத்தில் போட்டது. அதற்கு ஏகப்பட்ட பேர் இதயம் போட்டிருந்தார்கள்.

டாக்டர் நஸ்ருன்னிசாவை வேறோர் ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள். நாற்காலியை இழுத்துப் போட அந்த அறையில் இடமே இல்லை. கடுகடுவென்ற பெண்மணி. புன்னகை கிடையாது, டிஷ்யூ கிடையாது. சிகரெட் பிடித்தீர்களா என்று கேட்டு, ஆமாம் என்றதும் முகத்துக்கு நேரே திட்டினார். ஆனால் திட்டியது கிளிஃபர்டை. அவரை விட்டுவிட்டுத் தங்கையிடம் பேசவில்லை. அப்புறம், என்ன தெரிந்துகொண்டு வந்திருக்கிறீர்கள் என்றார். கிளிஃபர்ட் இரண்டு வழியையும் பிசகாமல் ஒப்பித்தார்.

"கரெக்டா சொல்றீங்களே. இவ்வளவு தெளிவா யார் சொன்னாங்க?"

"ஒரு நடிகர்" என்றார் கிளிஃபர்ட்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார், விளக்கம் கேட்கவில்லை. ரேடியேஷன் கொடுத்துப் பார்க்கலாம் என்றார். குரல் தங்கும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். கழுத்துத் தோல் கருகும், எச்சில் வற்றும், விழுங்கினால் முள்ளாய்க் குத்தும், நாக்கு ருசி இழக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, பயமாக இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார் கிளிஃபர்ட். இருக்கட்டும் என்றார் அவர்.

சொன்ன அத்தனையும் வந்தது. கிளிஃபர்ட் பாதியாக இளைத்தார். கஞ்சியை ஸ்பூனில் எடுத்து வைத்துக்கொண்டு கண்ணில் நீர் வர விழுங்கினார். சிகிச்சை முடிந்து வெகுநாள் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி இல்லை. குரல் இருந்தது; அரத்தில் ராவியது போல, ஆனால் இருந்தது. இன்னும் சில வருஷம் பார்க்காமல் எதுவும் உறுதியில்லை என்று நஸ்ருன்னிசா அதே கடுகடுப்போடு சொல்லி அனுப்பினார்.

அன்று மத்தியானம் கரோல் வஞ்சிர மீன் குழம்பு வைத்தாள். கிளிஃபர்ட் ஒரு வாய் எடுத்துவிட்டு, "இது என்ன குழம்பா? உப்பும் இல்ல, புளியும் இல்ல!" என்று கீழ்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார்.

"குழம்பு நல்லாத்தான் இருக்கு. உன் நாக்குதான் சரியில்ல. திரும்பி வர மாசக்கணக்காகும்னு அந்தம்மா சொன்னாங்களா, இல்லையா?"

"சொன்னாங்க" என்று ஒத்துக்கொண்டு, அவர் இன்னொரு துண்டு மீனை எடுத்துப் போட்டுக்கொண்டார்.