மாப்பிள்ளைக்கு இரண்டாவது ஜோடி

ஸலோமத் கடைவாசலில் ஒரு காலை வைத்த உடனேயே ஷூக்களின் விலை பாதியாக இறங்கிவிட்டது என்று கோகந்த் நகரக் கடைத்தெருவில் சொன்னால் நம்பாதவர்கள் குறைவு. அவள் பேரம் பேசத் தொடங்கினால் அடுத்த தெருவில் முலாம்பழம் விற்கிறவன்கூடத் தானாகவே விலையைக் குறைத்துக்கொள்வான். அவள் குரலுக்கு ஆப்ரிகாட் மரங்கள் ஒரு மாதம் முந்திப் பூத்துவிடும். இப்படிப்பட்ட நாத்தனாருக்குப் பின்னால், மெத்தைக்குப் பின்னால் வருகிற உறை மாதிரி, மஸ்தூரா உள்ளே வந்தாள். அவளுக்கும் பின்னால் மகள் நிகோரா.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைக்குத் தலை முதல் கால் வரை பெண் வீட்டார்தான் எடுக்க வேண்டும். கோட்டு முடிந்தது, சட்டை முடிந்தது, தொப்பியும் முடிந்தது. மஸ்தூரா எல்லாக் கடையிலும் தலையை ஆட்டினாள். நீலம் என்றாலும் ஆட்டினாள், கறுப்பு என்றாலும் ஆட்டினாள். குளிர்காலத்தில் ஒருநாள் கொதிக்கிற தேநீர் கையில் கொட்டியபோது, பக்கத்து வீட்டுக்காரி அலறிய பிறகுதான் கையைப் பார்த்தாள். வலித்ததா என்று கேட்டதற்கு, "வலிச்சிருக்கும்" என்றாள்.

கடைக்காரன் கொழுத்த, சந்தோஷமான மனிதன். பெட்டிகளுக்கு நடுவில் ஆட்டுக் கொழுப்பில் மிதக்கிற சோற்றுப் பருக்கை மாதிரி வழுக்கிக்கொண்டு திரிந்தான்.

"கால் அளவு என்னக்கா?"

ஸலோமத் கைப்பையைத் திறந்து, மாப்பிள்ளை வீட்டிலிருந்து கால் அளவுக்கு முடிச்சுப் போட்டு அனுப்பியிருந்த நூலைத் தேடினாள். அதற்குள் மஸ்தூரா சொன்னாள்.

"நாப்பத்தி மூணு. இடது கால் கொஞ்சம் அகலம்."

கடைக்காரன் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகம் தந்தூர் அடுப்பிலிருந்து எடுத்த ரொட்டி போல உப்பி மலர்ந்தது.

"அக்கா, நீங்களா! இடது கால் அகலம்னு என் கடையையே கவுத்துப் போட்டீங்களே. கூட உங்க பொண்ணு வந்துச்சு, சிரிச்சுக்கிட்டே இருந்துச்சு. இப்ப ரெண்டாவது மாப்பிள்ளையா?"

"இல்ல," என்றாள் மஸ்தூரா. "அதே மாப்பிள்ளைதான்."

அவன் அதைப் பெரிய வேடிக்கையாக எடுத்துக்கொண்டான். வயிறு குலுங்கச் சிரித்தான். "அதுக்குள்ள தேய்ச்சுட்டாரா? நான் குடுத்த தோலு பேரன் காலம் வரைக்கும் வருமே!"

ஸலோமத்தின் குரல் முதல்முறையாகத் தணிந்தது. "பெரிய பொண்ணு போயிட்டாப்பா. பிரசவத்துல. கொழந்தை இருக்கு. இப்ப சின்னவளைக் குடுக்குறோம்."

கடைக்காரன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே ஏந்தி, பிரார்த்தனையை முணுமுணுத்து, முகத்தைத் தடவிக்கொண்டான். மற்றவர்களும் தடவிக்கொண்டார்கள். மஸ்தூராவின் கைகளும் போய்த் திரும்பின. பதறிப்போன மனிதன் எங்காவது ஓடி ஒளிய வேண்டுமே. அவன் தன் வியாபாரத்துக்குள் ஓடினான். இரண்டு ஜோடியைக் கொண்டுவந்து வைத்தான்.

"இது முனை கெட்டி. நிக்காஹ் முடிஞ்சு வெள்ளைத் துணியில நடக்கும்போது யார் முதல்ல அடுத்தவர் காலை மிதிக்கிறாங்களோ அவங்க பேச்சுத்தானே வீட்டுல எடுபடும்? இதைப் போட்டா யானையே மிதிச்சாலும் மாப்பிள்ளைக்குத் தெரியாது. இது மெத்து. பொண்ணு லேசா வச்சாலே போதும்."

"பொண்ணு வீட்டுக்காரிகிட்டயே கெட்டி முனையை விக்கிறான் பாரு," என்றாள் ஸலோமத். "அண்ணி, மெத்துதான். நீ என்ன விலைன்னு சொல்லாதப்பா, நானே சொல்றேன்."

மஸ்தூரா தலையை ஆட்டினாள்.

பெரியவள் லோலா தன் நிக்காஹ் அன்று மிதிக்கவே இல்லை. முக்காட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் மறந்துபோனாள். மாப்பிள்ளைதான் மிதித்தான், அதற்கும் சிரித்தாள். மஸ்தூராவுக்கு இப்போது அந்தச் சிரிப்பு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ வாயசைப்பது மாதிரி தெரிந்தது. சத்தம் வரவில்லை.

சின்னவளிடம் கேட்ட நாளும் அப்படித்தான். ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் வந்து, ஒரு தட்டுப் பாதாமைக் காலி செய்து, விஷயத்தைச் சொன்னார்கள். நிகோரா அக்காள் குழந்தையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருந்தாள். வாய் திறக்கவில்லை. பெண் பேசாவிட்டால் சம்மதம். நிச்சயம் ஆனதற்கு அடையாளமாகப் பெரியவர்கள் ரொட்டியைப் பிட்டார்கள். அன்றிலிருந்து யாரும் கேட்கவில்லை, மஸ்தூராவும்தான்.

"போட்டுப் பாருங்கம்மா," என்றாள் நிகோரா.

காலையிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை. ஸலோமத் பேரத்தைப் பாதியில் நிறுத்தினாள் என்றால், உலகத்தில் வேறு என்னவெல்லாம் நின்றிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மகள் சொன்னதை மஸ்தூரா செய்தாள். காலணியைக் கழற்றிவிட்டு, மெத்தென்ற ஷூவுக்குள் காலை விட்டாள். பாதம் உள்ளே தொலைந்துபோனது. நிகோரா எதிரே வந்து நின்று, தன் தெருச் செருப்போடு அதன் முனைமேல் காலை வைத்தாள்.

"தெரியுதா?"

"இல்ல."

கொஞ்சம் அழுத்தினாள். "இப்ப?"

"இல்லடி."

நிகோராவின் முகம் மிக அருகில் இருந்தது. மூக்கின் ஓரம் ஒரு மச்சம் இருப்பதை மஸ்தூரா பார்த்தாள். அது எப்போதும் அங்கேதான் இருந்தது. இத்தனை மாதமாக இந்தப் பெண் இந்த வீட்டிலேயேதான் நடமாடியிருக்கிறாள், சோறு போட்டிருக்கிறாள், குழந்தையைத் தூக்கியிருக்கிறாள்.

"உனக்கு இதுல சம்மதமா?" என்று மஸ்தூரா கேட்டாள். "நான் கேக்கவே இல்லையே."

"அண்ணி, பத்திரிகை குடுத்தாச்சு—" என்று ஸலோமத் ஆரம்பித்தாள்.

"நீ சும்மா இரு, ஸலோமத்."

நிகோரா அம்மாவைப் போலத் தலையை ஆட்டவில்லை. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, மற்றொரு காலைத் தரையிலிருந்து எடுத்து, முழு உடம்பையும் அந்த ஒற்றைச் செருப்பின்மேல் ஏற்றினாள். தோல் மடங்கி முனகியது. ஷூவுக்குள் எங்கோ, வெகு தொலைவில், மஸ்தூராவின் கட்டைவிரல் அழுத்தம் தெரிந்து இடம் தேடி நகர்ந்தது. அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. விழுந்துவிடாமல் மகளை இடுப்பில் பிடித்துக்கொண்டாள். பளபளத்த முனையெல்லாம் தெருப் புழுதி. துடைக்கத் துணியை எடுத்த கடைக்காரன், அதைக் கையில் வைத்துக்கொண்டு, இருவரில் யார் முதலில் நகர்வார்கள் என்று தெரியாமல் நின்றான்.