சுவிஸ் மருமகன்

என் கணவரின் நாட்டை அம்மா ஒரு புகைப்படத்தைக் கொண்டுதான் மாற்றினார்.

கட்டாரில், தோகாவில் ஒரு ஹோட்டலில் ஐந்து வருடம் நான் வரவேற்பு மேசையில் இருந்தேன். தில் பகதூர் அங்கே சமையலறையில் வேலை செய்தார். நேபாளத்தில் லம்ஜுங் பக்கம் ஒரு மலைக் கிராமம் அவருடைய ஊர். போன வருடம் கொழும்பில் பதிவுத் திருமணம் செய்தோம். எங்கள் பக்கத்தில் அம்மாவும் தம்பி சுலக்சனும் மட்டும்தான் வந்தார்கள். பிறகு தில் ஊருக்குத் திரும்பி, மலையேற வருகிறவர்களுக்காக நான்கு அறை வைத்து ஒரு விடுதி கட்டத் தொடங்கினார். அங்கிருந்து அவர் அனுப்பிய முதல் படத்தை நான் அம்மாவுக்கு அனுப்பினேன்.

கம்பளித் தொப்பி, கூலிங் கிளாஸ். கண்ணும் தெரியவில்லை, காதும் தெரியவில்லை. பின்னால் பனி மூடிய மலை மட்டும் நன்றாகத் தெரிந்தது. பக்கத்து வீட்டுச் சிவரூபியக்கா அதைப் பார்த்துவிட்டு, "மருமோன் சுவிஸோ?" என்று கேட்டிருக்கிறார். அம்மா "ஓம்" என்றிருக்கிறார். அவ்வளவுதான். அன்று பின்னேரப் படகு அக்கரைக் குறிகட்டுவானுக்குப் போய்த் திரும்புவதற்குள் எங்கள் நயினாதீவு முழுக்க நான் சுவிஸ்காரி ஆகிவிட்டேன்.

"நேபாளம் எண்டு சொன்னா ஆருக்கு விளங்கும்?" என்றார் அம்மா போனில். "அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்? கட்டாருக்குப் போய் இன்னொரு கூலிக்காரனைப் பிடிச்சவள் எண்டுதான் கதைப்பினம்."

நான் கத்தினேன். எனக்குக் கோபம் வர அதிக நேரம் எடுக்காது. ஆனால் கத்தியதோடு சரி. சிவரூபியக்காவுக்கு ஒரு கோல் எடுத்து, அது சுவிஸ் இல்லை என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் ஒரு வருடமாக எனக்குக் கிடைக்கவில்லை. மறைப்பானேன், அந்தப் பொய் எனக்குப் பிடித்தும் இருந்தது. முப்பத்து மூன்று வயதுவரை கலியாணம் ஆகாதவளை ஊர் எப்படிப் பார்த்தது என்று எனக்கு மறக்கவில்லை. இப்போது அதே ஊர் என்னைப் பார்த்து வழிவிட்டது.

தையில் நான் வீட்டுக்கு வந்தது, எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஒரேயடியாக நேபாளத்துக்குப் புறப்படுவதற்காக. மாசி ஒன்பதாம் திகதிக்கு ரிக்கெற். திருமணப் பத்திரத்துக்குக் கொழும்பில் முத்திரை வாங்கியாயிற்று. பொலிஸ் அறிக்கை வந்துவிட்டது. கிராம சேவையாளரின் கடிதம் மட்டும் பாக்கி. சிவரூபியக்கா, சுவிஸிலிருந்து யாரோ விட்டுப்போன மொத்தமான ஜக்கெற் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். குளிருக்கு எந்த நாடு என்று தெரியாதுதானே என்று அதையும் பெட்டிக்குள் வைத்தேன்.

பெட்டியின் மேல் ஒரு கொப்பி இருந்தது. தில் சொல்லச் சொல்ல, நேபாளி வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். பொறுங்கள். சாப்பிட்டீர்களா. நான் தண்ணீர் எடுத்து வருகிறேன். இன்னும் கொஞ்சம் சோறு போடவா. ஒரு நல்ல மருமகளுக்கு வேண்டியதெல்லாம் பதினெட்டுப் பக்கத்தில் இருந்தது.

தில்லின் அம்மாவைத் தினமும் வீடியோவில் பார்ப்பேன். மூக்கில் பொன் வளையம், தலையில் ஒரு துணிச் சுற்று, சிரித்தால் கண் மூடிவிடும். எனக்கென்று ஒதுக்கிய அறையில் நயினை அம்மன் படத்துக்குச் சுவரில் தட்டு அடிக்க வேண்டும், படம் எத்தனை சாண் என்று தில்லைக் கொண்டு கேட்டார். நான் அளந்து சொன்னேன். அவர் சுவரில் சாண் போட்டுப் பார்த்துவிட்டு, உன் கை சின்னக் கையா பெரிய கையா என்று மறுபடி கேட்டார். என் அம்மாவோடு பேச வேண்டும் என்றும் ஒவ்வொரு முறையும் கேட்பார். அம்மா ஒவ்வொரு முறையும் குசினிக்குள் போய்விடுவார்.

இதெல்லாம் என்னோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. சுலக்சன் வேலணையில் கிளாக்கர். நான்கு சம்பந்தங்கள் வந்து நான்கும் தட்டிப்போயின. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் சாதகத்தைக் கேட்பதற்கு முன்பே "வெளியில ஆர் இருக்கினம்?" என்று கேட்பார்கள். கட்டார் அந்தக் கணக்கில் வராது. வேறு வெளிநாட்டில் எங்களுக்கு யாரும் இல்லை. அப்பாவின் மாத்தறைக் கடை அப்பாவோடேயே போய்விட்டது. ஐந்தாவதாக மண்கும்பானிலிருந்து கஜனியின் சம்பந்தம் வந்தபோது, தரகர் "தமக்கை சுவிஸ்" என்றாராம். உடனே சரிவந்தது.

ஆறு கிழமையாகச் சுலக்சனும் கஜனியும் போனில் கதைக்கிறார்கள். அவன் தனியே நின்று சிரிப்பதைக் கண்டேன். உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று நான் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"நீ போ அக்கா. போன பிறகு நான் ஆறுதலாச் சொல்லுறன். கலியாணம் முடிஞ்சாப் பிறகு ஆர் நாட்டைப் பாக்கினம்?"

நானும் ஒத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பத்து மணிப் படகில் கஜனியின் தகப்பன் தம்பிஐயாவும் தாய் நல்லம்மாவும் வீடு பார்க்க வந்தார்கள். வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள், இன்று கோல் எடுக்க வேண்டாம் என்று தில்லிடம் சொல்லியிருந்தேன். ஏன் என்று சொல்லவில்லை.

தம்பிஐயா நல்ல மனிதர். அதுதான் வில்லங்கம். எங்கள் பழைய கதிரைகளைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை, வடையை ருசித்துச் சாப்பிட்டார், அப்பாவின் படத்துக்கு முன் ஒரு நிமிடம் நின்றார். கெட்டவரென்றால் பொய் சொல்வது சுலபமாக இருந்திருக்கும்.

"பிள்ளை, உமக்குச் சுவிஸில எவடம்?"

"மலைப்பக்கம் ஒரு சின்ன ஊர், மாமா."

இது பொய்யில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"எங்கட மச்சான் சூரிச்சில. மருமோன்ர நம்பரைத் தாரும். அவன் போய்ப் பாத்து, ஒத்தாசையா இருப்பான்."

அம்மா ஊற்றிய தேத்தண்ணி கோப்பைக்கு வெளியே போனது. சுலக்சன் நிலத்தைப் பார்த்தான்.

"முகத்தை ஒருக்காக் காட்டும் பிள்ளை," என்றார் நல்லம்மா. "படத்தில தொப்பிதானே தெரியுது."

"இப்ப வேலையில நிப்பார், மாமி" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, மேசையில் கிடந்த போன் அடித்தது. தில்லின் முகம். தட்டு அடித்து முடிந்ததாம், உடனே காட்ட வேண்டும் என்று அவருடைய அம்மா விடவில்லையாம். இதைப் பிறகுதான் அறிந்தேன்.

"இந்தா, அவரே எடுக்கிறார்!" என்று நல்லம்மா போனை எடுத்து என் கையில் தந்தார்.

அழுத்தினேன். வெயில் விழுந்த அறை. தில்லும் பக்கத்தில் அவருடைய அம்மாவும். அந்த அம்மாவின் கையில் இன்னும் சுத்தியல் இருந்தது. சுவரில் புதுப் பலகைத் தட்டு. என்னைக் கண்டதும் சுத்தியலோடேயே கைகூப்பினார். அதற்குள் தம்பிஐயா கதிரையை விட்டு எழும்பி என் பக்கம் வந்துகொண்டே குரல் கொடுத்தார்.

"தம்பி, வணக்கம்! சுவிஸில சரியான குளிரோ?"

தில்லுக்கு என்னிடம் பழகிய தமிழ் கொஞ்சம் தெரியும். அவர் என்னைப் பார்த்தார். கேள்வி கேட்பதுபோலப் பார்க்கவில்லை. எல்லாம் விளங்கிய பார்வை அது. அடுத்த கணம் அவருடைய கை அசைந்தது. போன் திரும்பியது. அவருடைய அம்மா இல்லை, தட்டு இல்லை. தில்லின் முகமும் வெறும் சுவரும்.

"ஓம்," என்றார். "சரியான குளிர்."

தம்பிஐயா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "அங்க இப்ப ஆறரை மணியெல்லே? மச்சான் இருட்டிலதான் வேலைக்குப் போறவன். இவடம் நல்ல வெளிச்சமாக் கிடக்கு."

"அது லைற் வெளிச்சம்," என்றார் என் அம்மா அவசரமாக.

போனின் ஓரத்திலிருந்து தில்லின் அம்மா ஏதோ கேட்பது காதில் விழுந்தது. தில் திரும்பாமலேயே மெல்லிய குரலில் ஒரே ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல் எனக்குத் தெரியும். என் கொப்பியின் முதல் பக்கத்தில் இருக்கிறது. பொறுங்கள்.

இவ்வளவு காலம் நான் வெட்கப்பட்டது ஒரு நாட்டின் பெயருக்கு என்றுதான் நினைத்திருந்தேன். என் கையை அளவு கேட்ட ஒரு மனுசியை அவருடைய மகனைக் கொண்டே மூலையில் நிற்க வைத்துவிட்டேன்.

"தில், அம்மாவைக் காட்டுங்கோ."

அவர் தெரிந்தும் தெரியாமலும் தலையசைத்தார், வேண்டாம் என்று. எனக்காகத்தான்.

"அம்மாவைக் காட்டுங்கோ."

போன் மெல்லத் திரும்பியது. தில்லின் அம்மா தானாகவே விலகிக் கதவடியில் நின்றிருந்தார். படம் தன் பக்கம் வந்ததும் மறுபடி சிரித்துக் கைகூப்பினார்.

"மாமா, இவ என்ர மாமி," என்றேன். "இது சுவிஸ் இல்லை, நேபாளம். அவை ஒருநாளும் பொய் சொல்லேல்லை. நாங்கள்தான் சொன்னனாங்கள். நானும்தான்."

போனைக் கவிழ்த்து வைத்தேன். தம்பிஐயா சுலக்சனைப் பார்த்தார்.

"தம்பி, உமக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"கஜனிக்கு?"

சுலக்சன் இல்லை என்று தலையாட்டினான்.

"நேபாளம் எண்டா என்ன, அங்கயும் மனிசர்தானே இருக்கினம்," என்றார் தம்பிஐயா. சத்தம் போடவில்லை. "ஆனா நீர் ஆறு கிழமை என்ர பிள்ளையோட கதைச்சிருக்கிறீர். ஒருநாளாவது சொல்லியிருக்கலாம். சரி, யோசிச்சுச் சொல்லுறம்."

யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் திரும்பி வந்ததை இந்தத் தீவில் நான் கண்டதில்லை. ஒரு மணிப் படகுக்கு வெளிக்கிட்டார்கள். சுலக்சன் இறங்குதுறைவரை அவர்களோடு போனான். திரும்பி வந்து, சேர்ட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"ரெண்டு கிழமை பொறுத்திருக்கலாம், அக்கா."

"தம்பி…"

"நீ போயிடுவாய். நான்தானே இஞ்ச இருக்கப்போறன். அவள் போனை எடுக்கிறாள் இல்லை."

அவன் சொன்னது சரி. நான் சரியானதைச் செய்தேன். ஆனால் அதை ஒரு வருடம் பிந்திச் செய்தேன். பிந்தியதன் விலையைக் கட்டியவன் அவன். குசினிக்குள் அம்மா சட்டிகளோடு சண்டை பிடித்தார். "தம்பியை விட உனக்கு அந்த மனுசி பெரிசாப் போச்சு, என்ன?" என்ற குரல் மட்டும் வெளியே வந்தது.

பின்னேரம் அறைக்குள் போய்த் தில்லுக்கு நானே எடுத்தேன். நாங்கள் இருவரும் ஆங்கிலத்தில்தான் கதைப்போம்.

"அம்மா என்ன சொன்னார்?"

"ஏன் போனைத் திருப்பினாய் என்று கேட்டார்."

"நீங்கள்?"

"கவரேஜ் சரியில்லை, படம் ஆடியது என்றேன். நம்பிவிட்டார்." கையைத் தூக்கிப் பார்த்தார். "என் கை அவ்வளவு வேகமாக அசையும் என்று எனக்கே தெரியாது, நிலா."

அவர் என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை. நான் போய்ச் சேருவதற்குப் பதினைந்து நாள் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பொய் எனக்கு முன்பே அந்த வீட்டுக்குள் போய்விட்டது. அதை அங்கே குடியிருக்க விட்டுவிட்டு, அந்தத் தட்டில் அம்மன் படத்தை நான் எந்த முகத்தோடு வைப்பது?

கொப்பியை எடுத்தேன். பதினெட்டுப் பக்கத்தையும் புரட்டினேன். சோறு இருந்தது, தண்ணீர் இருந்தது, விறகு இருந்தது. எனக்கு வேண்டியது இல்லை.

"உங்களைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்டேன், அது என் பிழை. இதை உங்கள் மொழியில் எப்படிச் சொல்வது?"

சொல்லத்தான் வேண்டுமா என்று தில் கேட்டார். வேண்டும் என்றேன். அவர் ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நான் பத்தொன்பதாம் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். இரண்டு முறை எழுத்துக் கூட்டி வாசித்துப் பார்த்தேன். ஒரு சொல் நாக்கில் இடறியது. மூன்றாம் முறை சரியாக வந்தது.

"மாமியைக் கூப்பிடுங்கோ," என்றேன்.