தொப்பி போட்ட சிறுநீரகம்

ஒஹாயோவில் சோளக்காட்டுக்கு நடுவே ஒரு கல்லூரி. அதில் நான் பொம்மலாட்டம் சொல்லித்தருகிறேன். வேறு எந்த வகுப்பிலும் இடம் கிடைக்காத நாலைந்து பேர் வருவார்கள், கையில் காலுறையை மாட்டிக்கொண்டு கத்துவார்கள், போவார்கள். நிம்மதியாக இருந்தோம்.

அதைக் கெடுத்தவர் டாக்டர் விட்லாக் பெம்ப்ரி. மருத்துவக் கல்லூரிக்குப் போகத் துடிக்கும் பிள்ளைகளுக்கு என்னென்ன பாடம் எடுக்கலாம் என்று ஆலோசனை சொல்வது அவர் வேலை. அவர் டாக்டர் ஆனது பழங்கால வேலிகளை ஆராய்ந்து. காய்ச்சலுக்கு அவரிடம் போகக் கூடாது. வருஷத் தொடக்கக் கூட்டத்தில் கண்ணாடியைக் கழற்றிப் பிடித்துக்கொண்டு முழங்கினார்:

“வேதியியலும் உயிரியலும் எல்லாரும்தான் எடுக்கறாங்க. மெடிக்கல் காலேஜ் தேர்வுக் குழு தேடறது ஒரு முழு மனுஷனை! தனிச்சு நில்லுங்க. உதாரணத்துக்கு, பொம்மலாட்டம் எடுங்க.”

தனித்து நிற்பதற்காக மொத்தக் கூட்டமும் மறுநாள் என் வகுப்பில் வந்து நின்றது.

“சார், பொம்மையோட மூக்குக்கு எத்தனை மார்க்?” என்பதுதான் முதல் கேள்வி.

கேட்டவள் கோரின் ஹாலன்பெக். கரிம வேதியியலில் அவளை அடிக்க ஆள் இல்லை. அவள் செய்த கைப்பொம்மை ஒரு சிறுநீரகம். சிரிப்பு வரவேண்டும் என்று அதற்கு ஒரு தொப்பி வைத்திருந்தாள். வரவில்லை. பருவத்தின் பாதியில் பி கிரேடு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாத எங்கள் பிள்ளைகள்கூட, வாத்தியார் அறைக்கு வந்து மார்க்குக்குப் பேரம் பேசத் தவறமாட்டார்கள். கோரினும் வந்தாள்.

“பொம்மலாட்டத்துல பி வாங்கினவளை எந்த மெடிக்கல் காலேஜ் சார் சேர்த்துக்கும்? பொம்மையே ஆட்டத் தெரியல, நீ எப்படி வயித்தைக் கிழிப்பேன்னு கேக்க மாட்டாங்களா?”

“அப்ப பாடத்தை விட்டுடேம்மா.”

“விட்டா, பாதியில விட்டவள்னு மார்க் ஷீட்ல நிக்கும். அது பியைவிடக் கேவலம்!” சொல்லும்போதே அழுதுவிட்டாள். “டாக்டராகறதைத் தவிர எனக்கு வேற ஆசையே இல்ல சார்.”

எனக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. “கடைசித் தேர்வு நம்ம காலேஜ் குழந்தைகள் காப்பகத்துலதான். அந்தப் பிள்ளைங்களைச் சிரிக்க வெச்சுடு. முழுசா ஏ போடறேன்.”

“எவ்வளவு சத்தமாச் சிரிக்கணும் சார்?”

தேர்வைப் பார்க்க பெம்ப்ரியும் வந்திருந்தார். பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் தம்மைத் திணித்துக்கொண்டு, தாம் உருவாக்கிய முழு மனுஷியைப் பெருமையோடு பார்த்தார்.

சிறுநீரகம் இரத்தத்தை எப்படி வடிகட்டுகிறது என்பதைச் சிறுநீரகமே விளக்கியது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் வண்ணக் குச்சியைத் தின்ன ஆரம்பித்தான். கோரினுக்கு வேர்த்துக் கொட்டியது. பொம்மையை முன்வரிசைக் குட்டிப்பெண் வின்னியின் முகத்தருகே கொண்டுபோனாள்.

“ஏண்டி செல்லம், சிரிக்க மாட்டேங்கிற?”

“நல்லால்ல.”

“எந்த எடம் நல்லால்ல?”

“எல்லாம்.”

“தொப்பிக்காவது பாதி மார்க் குடேன்!”

“மாட்டேன்.”

“கால் மார்க்?”

“மாட்டேன்!” இந்த முறை நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன.

சிறுநீரகம் குப்புற விழுந்து கும்பிட்டது. தொப்பி எகிறியது. காப்பகமே “மாட்டோம்! மாட்டோம்!” என்று உருண்டு புரண்டு சிரித்தது. கோரினுக்கு மட்டும் அது உறைக்கவில்லை. “சும்மா இருங்கடா, இன்னும் முடிவுரை பாக்கி இருக்கு!” என்று அதட்டினாள். அதற்கும் சிரித்தார்கள்.

பெம்ப்ரி கைதட்டப் பரபரவென்று எழுந்தார். நாற்காலியும் அவரோடு எழுந்தது. சிரிப்பு கூரையைத் தொட்டது.

கோரின் கலவரத்தோடு என்னிடம் ஓடி வந்தாள்.

“சார், இப்ப சிரிக்கிறது அவரைப் பார்த்தா, என்னைப் பார்த்தா? யார் கணக்குல எழுதுவீங்க?”

“உன் கணக்குலதாம்மா,” என்று ஏ போட்டுவிட்டு, நாற்காலியின் கால்களைப் பிடித்து இழுக்கப் போனேன்.