ஜூலை ஒன்று முதல்

எங்கள் கல்லூரிக் கால்பந்து அணி தமக்குள் ஆடும் கல்லூரிகளின் பழைய கூட்டணியை உதறிவிட்டுப் பெரிய கூட்டணியில் சேரப்போகிறது என்று தெரிந்ததும், நெப்ராஸ்காவின் இந்த மூலையில் ஊரே குதித்தது. இனி கடலோர மாநிலங்களின் பெரிய கல்லூரிகளோடு மோதலாம், ஆட்டமெல்லாம் டிவியில் வருமாம். எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை.

காரணம் வென்டல். பக்கத்து மாவட்டத்து ஹார்லன் கல்லூரியின் பரம விசிறி. வருஷா வருஷம் நவம்பரில் ஹார்லன் அணி எங்களோடு ஆட வரும் நாளில், மைதானத்துக்கு வெளியே தன் வண்டியை எங்கள் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்துவார்; வண்டியோரமே விருந்து. பச்சைத் தொப்பி, தட்டு நிறைய இலவங்கப்பட்டை போட்ட ரொட்டிச் சுருள். அதற்குத் தொட்டுக்கொள்ள என் சில்லி, பீன்ஸ் போட்ட காரக் குழம்பு. தோற்ற பக்கம் பாத்திரம் கழுவ வேண்டும். நானும் தனிக்கட்டை, அவரும் தனிக்கட்டை. அந்த ஒரு சனிக்கிழமைக்காகத்தான் மிச்ச வருஷத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன் என்பது, அது பறிபோகும்போதுதான் எனக்கு உறைத்தது. புதிய கூட்டணியில் ஹார்லனோடு ஆட்டமே கிடையாது.

கடைசி ஆட்டத்தன்று என் தம்பி மெர்ல் புதிய கூட்டணியின் சின்னம் போட்ட ஸ்வெட்டரில் வந்து நின்றான்.

"என்ன மெர்ல், அதுக்குள்ள தாவிட்டியா?" என்றார் வென்டல். "ஜூலை ஒண்ணாம் தேதிதான்ப்பா மாறுறீங்க. அதுவரைக்கும் நீங்க எங்க ஆளுங்க."

"உங்களுக்குப் பொறாமை. எங்களை யாரோ கூப்பிட்டாங்க. உங்களை யாரு கூப்பிட்டா?"

வென்டல் என்னைப் பார்த்தார். நான் சில்லியைக் கிண்டினேன். கிண்டத் தேவையே இல்லை.

மெர்ல் என் காதருகே குனிந்தான். "அக்கா, ஊர்ல எல்லாரையும் வாயாலயே விரட்டுவ. ஒரு போன் நம்பர் கேக்க வாய் வரலையா?"

"போய் உப்பு எடுத்துட்டு வா," என்றேன்.

நாங்கள் ஜெயித்தோம். அப்படி ஒரு வெற்றிக்கு என்னால் கைகூடத் தட்ட முடியவில்லை. வென்டல் சட்டைக்கையை மடித்துக்கொண்டு வாளிக்கு முன்னால் உட்கார்ந்தார். நான் துடைக்கும் துணியோடு நின்றேன்.

"ஆர்லீன், நானும் கூட்டணி மாறலாம்னு இருக்கேன்."

"ஹார்லனை விட்டா? நம்புற மாதிரி சொல்லுங்க."

"கல்லூரியை இல்ல, ஊரை. உங்க ஊர்த் தபாலாபீஸுக்கு மாத்தல் கேட்டேன், கிடைச்சிருச்சு." சட்டியின் அடியை அழுத்தித் தேய்த்தார். "ஜூலை ஒண்ணுல இருந்து வரலாமான்னு... உங்களைக் கேட்டுட்டு..."

நான் துணியைத் தோளில் போட்டுக்கொண்டேன்.

"ஜூலை வரைக்கும் காத்திருக்க நீங்க என்ன கல்லூரியா? உடனே விடுவாங்களான்னு கேளுங்க!"

"கேட்டா விடுவாங்க. ஆனா கூட்டணியை விட்டு முன்கூட்டியே விலகினா அபராதம் உண்டே?"

"உண்டு." அவருடைய பச்சைத் தொப்பியைக் கழற்றிவிட்டு, மெர்ல் தலையிலிருந்த எங்கள் சிவப்புத் தொப்பியைப் பிடுங்கி அவர் தலையில் வைத்தேன். "இதுதான் அபராதம். கட்டிட்டு வா."

வென்டல் தொப்பியைக் கழற்றவில்லை. கையெல்லாம் சோப்பு நுரை, அதனால்தான் என்று எங்கள் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு இன்றைக்கும் சாதிக்கிறார்.