மெசின் நிற்கும் வரை

சுவாச இயந்திரத்திலிருந்து குழாயைக் கழற்றியதும் நர்ஸ் பவுலின், நோயாளி சண்முகவடிவின் நெஞ்சையே பார்த்தாள். வயிற்றில் அறுவைச் சிகிச்சை முடிந்து நினைவும் தெளிந்துவிட்டது. கேட்டதற்கெல்லாம் கண்ணால் பதில் சொல்கிறாள். நெஞ்சு மட்டும் ஏறவில்லை. நகங்கள் நீலம் பாயத் தொடங்கியதும் பவுலின் குழாயை மறுபடி மாட்டினாள். காலையிலிருந்து இதே கதை.

சாயங்காலமும் இப்படியே இருந்தால் தொண்டையில் துளை போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பவுலினுக்குப் பயத்தைவிட ஆச்சரியமே அதிகமாக இருந்தது. பிறந்ததிலிருந்து யாரும் சொல்லாமல் நடந்த காரியம் இப்போது ஏன் நடக்கவில்லை? தன் மூச்சைக் கவனித்தாள். கவனித்த மாத்திரத்தில் அது தடுமாறியது. வேறு எதையாவது நினைத்தபோதுதான் தன் பாட்டுக்கு ஓடியது. அப்படியானால் இவள் எதை நினைத்துக்கொண்டிருக்கிறாள்?

வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ரயிலேறி வந்திருந்த சண்முகவடிவின் கணவன் இராமையா வாசலில் நின்று எட்டிப் பார்த்தான்.

"மிஸ்ஸி, லயத்துல இவ மூச்சு விடாமப் பேசுவா. இங்க வந்து நெசமாவே விடமாட்டேங்கிறாளே!"

"வெளையாடாதீங்க அண்ணே. தோட்டத்துல இவங்களுக்கு என்ன வேல?"

"பேக்டரியில தேயிலைத் தூள் சலிக்கிறா. மெசின் ஓடுறப்ப யாராச்சும் கிட்ட கை கொண்டுபோனா கத்தித் தீத்துருவா. மெசின்ல இவ அக்கா வெரலு போனதுலேருந்து அப்படித்தான்."

பவுலினும் அக்கரப்பத்தனைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள்தான். மெசின் பெல்ட் முழுதாக நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறாள். மீண்டும் குழாயைக் கழற்றினாள். இந்தத் தடவை நெஞ்சைப் பார்க்கவில்லை, கண்களைப் பார்த்தாள். அவை பக்கத்தில் துருத்தி ஏறி இறங்கிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மேல் இருந்தன.

"அக்கா, மெசின் ஓடுறப்ப நீங்களும் மூச்செடுத்தா ஏதாவது ஆயிரும்னு பயப்படுறீங்களா?"

கண்கள் ஒருமுறை அழுத்தமாக மூடித் திறந்தன.

பவுலின் சுவிட்சை அணைத்தாள். துருத்தி இறங்கி அடங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. அவள் கை மறுபடி சுவிட்சுக்குப் போனது.

அப்போது சண்முகவடிவின் தொண்டைக்குழி உள்ளே இழுபட்டது. நெஞ்சு கோணலாக ஏறி இறங்கியது. பின் இன்னொரு தடவை. குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள் பவுலின். வெதுவெதுப்பாகப் பட்டது.

சாயங்காலம் டாக்டர் வந்து வெகுநேரம் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார். பிறகு, கொண்டுவந்திருந்த கத்தித் தட்டைத் திருப்பி எடுத்துப்போகச் சொன்னார்.